அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது நீங்கள் எதிர்த்துப் பேசியதாலா?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. அருமனை பக்கம் 150 சென்ட் ரப்பர், பால் வெட்டுவது அவரேதான். ஊரறிந்த முன்கோபி. போன மாதம் ஒரு சாயங்காலம் ஆறரை மணிக்கு, பால் வற்றிய பழைய மரங்களை முறித்துவிடலாம் என்று நீங்கள் பேச்செடுக்க, அவர் சத்தம் போட, நீங்களும் விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறீர்கள். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டு நின்றவருக்கு நெஞ்சு அடைத்தது. அடைத்த குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். கோபக்காரர்களுக்கு ஹார்ட் அட்டாக் வரும் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் 'இவன் வாய்தான் எங்க அண்ணனைப் படுக்க வச்சுது' என்று அத்தை சொன்னதையும் எழுதிவிட்டு, இனி அவரிடம் எதுவும் பேசாமலே இருந்துவிடவா என்று முடித்திருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கேட்பது, அப்பாவுக்கு இது என்னால் வந்ததா என்பதுதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

உங்களால் வரவில்லை. நான் பொது மருத்துவர். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் 28 வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். இதயக் குழாய்க்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோ செய்கிற இதய நிபுணர் அல்ல. ஆனால் அட்டாக் வருவதற்கு முன்பு பல வருடமும், வந்து தேறிய பிறகு பல வருடமும் அந்த மனிதரையும் அவர் வீட்டாரையும் பார்த்துக்கொண்டிருப்பது என்னைப் போன்றவர்கள்தான். உங்கள் அப்பாவை நான் பரிசோதித்ததில்லை. அதனால் அவருடைய மருந்து, நடை, வேலை பற்றியெல்லாம் அவரைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் முடிவு. மற்றதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவருக்குள் கொழுப்பு படிவது ஒரு சாயங்காலத்தில் நடக்கிற காரியம் இல்லை. இளம் வயதிலேயே தொடங்கி, சத்தமில்லாமல் பல பத்து வருடம் வளரும். அந்தப் படிவின் மேல், காய்ச்சிய பாலில் ஏடு கட்டுவதுபோல ஒரு மெல்லிய மூடல் இருக்கும். அது ஒருநாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைக்கிறது. நீங்கள் ரப்பர் வீட்டுப் பிள்ளை, உங்களுக்கு இது எளிதாகப் புரியும். பட்டையில் வெட்டு விழுந்ததும் பால் ஒழுகி, கொஞ்ச நேரத்தில் வெட்டின கோட்டிலேயே உறைந்து ஒட்டுப்பாலாக வழியை அடைக்கிறதல்லவா, ஏறக்குறைய அதே வேலையைத்தான் ரத்தமும் செய்கிறது. மரத்துக்கு அது பாதுகாப்பு. இதயக் குழாய்க்குள் நடந்தால் ஆபத்து. ஆக, படிவு வளர்ந்த கதை ஒன்று, அது கிழிந்த நேரம் இன்னொன்று. கோபத்துக்கு இரண்டிலும் பங்கு உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை. நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பழி உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

கிழியும் நேரத்தைப் பற்றி ஓரளவு உறுதியாகவே தெரியும். 1995-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், அட்டாக் வந்து பிழைத்த 1,623 பேரிடம், வலி வருவதற்கு முந்தைய மணிநேரங்களில் என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். கடுங்கோபம் வந்த பிறகான இரண்டு மணி நேரத்தில் அட்டாக் வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட 2.3 மடங்கு இருந்தது. 2014-இல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 4.7 மடங்கு வந்தது. 52 நாடுகளில், முதன்முறை அட்டாக் வந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, கோபமோ மனக்கொந்தளிப்போ வந்த ஒரு மணி நேரத்துக்குள் என்று பார்த்து 2.4 மடங்கு என்றது. கடுமையான உடலுழைப்புக்கும் ஏறக்குறைய அதே அளவு, இரண்டும் சேர்ந்தால் 3 மடங்கு. எண்கள் வேறுபட்டாலும் எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுகின்றன. கோபம் வந்தால் அட்ரினலின் பாய்கிறது, துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறுகின்றன, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. 2024-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஆரோக்கியமான 280 பேரில் ஒரு பகுதியினரை, தங்களுக்குக் கோபம் வந்த ஒரு சம்பவத்தை எட்டு நிமிடம் நினைத்துப் பேசச் சொன்னார்கள். அதன்பின் 40 நிமிடம் வரை அவர்களுடைய ரத்தக்குழாய்களின் விரியும் திறன் குறைந்திருந்தது. பழைய கோபத்தை நினைத்துப் பார்த்ததற்கே இவ்வளவு.

ஆனால் மடங்குக் கணக்கைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாது. குறைவான ஒன்று ஐந்து மடங்கானாலும் குறைவாகவே இருக்கலாம். அந்த 2014 ஆய்வாளர்களே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இதய ஆபத்து அதிகம் உள்ள 10,000 பேர் மாதத்துக்கு ஒருமுறை கடுங்கோபம் கொண்டால், வருடத்துக்குக் கூடுதலாக வருவது நாலே நாலு அட்டாக். அதே ஆட்கள் தினமும் ஐந்து முறை கொதித்தால் அது 650-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரு சண்டையால் வருவது சிறிய ஆபத்து. சண்டையே வாழ்க்கையாக இருந்தால் வருவது பெரிய ஆபத்து.

இந்த ஆய்வுகளில் ஒரு பலவீனம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இவை பெரும்பாலும் அட்டாக் வந்தவரிடம் வந்த பிறகு கேட்டவை. நெஞ்சுவலி வந்து படுத்திருக்கிற எந்த மனிதனும் 'எனக்கு ஏன் வந்தது' என்று தேடுவான். தேடும்போது முந்தின நாள் சண்டைதான் முதலில் கண்ணில் படும். முப்பது வருடப் பீடி கண்ணில் படாது, அது தினமும் இருந்தது அல்லவா. நோயாளி மட்டுமா, அவர் தங்கச்சியும் அப்படித்தான் தேடுகிறார்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். சண்டை சாயங்காலம் ஆறரைக்கு, வலி மறுநாள் காலை ஐந்தரைக்கு. இடையில் பதினொரு மணி நேரம். இரண்டு மணி நேரம் என்ற வரம்புக்குள் அது வரவே இல்லை. ராத்திரி முழுக்க அவர் கோபத்தோடு புரண்டு படுத்திருந்தார் என்று நீங்கள் வாதாடலாம். இருக்கலாம், அதை நான் மறுக்க முடியாது. ஆனால் விடியற்காலையிலிருந்து முற்பகல் வரை அட்டாக் அதிகமாக வருகிறது என்பது 1980-களிலிருந்தே தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் உடம்பே ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். அதோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு, ஒரு பீடியைப் பற்றவைத்துவிட்டு, சரிவில் ஏறி இறங்கி மரம் மரமாகக் குனிந்து வெட்டியிருக்கிறார். தினம் இரண்டு கட்டு பீடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒரே வரியில், போகிற போக்கில். என் கண் அந்த வரியில்தான் நின்றது. பீடி மட்டுமே குடிப்பவர்களை இன்டர்ஹார்ட் ஆய்வில் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். புகைக்காதவர்களைவிட அவர்களுக்கு அட்டாக் வாய்ப்பு 2.9 மடங்கு, சிகரெட்டுக்குச் சமம். பீடி சின்னது, அதனால் கெடுதலும் சின்னது என்ற நம்பிக்கை நம் மலையோரத்தில் இன்னும் போகவில்லை. கோபம் வாய்ப்பை ஏற்றுவது ஓரிரு மணி நேரம். பீடி நாள் முழுக்க, வருடம் முழுக்க, தூங்கும்போதும் ஏற்றியே வைத்திருக்கிறது.

அடுத்தது நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட கேள்வி. கோபக்காரர் என்ற குணம் இதயத்தைக் கெடுக்குமா? இதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்று சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு இதய மருத்துவர்கள். அவர்கள் வரவேற்பறை நாற்காலிகளுக்கு உறை மாற்ற வந்தவர், இருக்கையின் முன் விளிம்பும் கைப்பிடியும் மட்டும் இப்படித் தேய்ந்திருக்கின்றனவே என்று ஆச்சரியப்பட்டாராம். நோயாளிகள் சாய்ந்து உட்காராமல், எப்போது கூப்பிடுவார்கள் என்று நுனியிலேயே உட்கார்ந்திருந்ததன் அடையாளம் அது. அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளாத ஃபிரீட்மன், பின்னால் நினைத்துப் பார்த்திருக்கிறார். எதிலும் அவசரம், எல்லோரோடும் போட்டி, சட்டென்று எரிச்சல் கொண்டவர்களை 'ஏ வகை' என்று 1959-இல் இருவரும் எழுதினார்கள். பிறகு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களை எட்டரை வருடம் பின்தொடர்ந்ததில், ஏ வகைக்காரர்களுக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. நான் படித்த காலத்திலும் அதை அப்படியேதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அது நிலைக்கவில்லை. 1980-களில் வந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு காணாமல் போனது. 1988-இல், அதே பழைய ஆய்வில் இதய நோய் வந்த 257 பேரைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, ஏ வகைக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இறந்திருந்தார்கள். இன்னொரு விஷயமும் பின்னால் வெளிவந்தது, இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நீதிமன்ற வழக்குகளால் வெளியே வந்த ஆவணங்களை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. குணமும் மன அழுத்தமும்தான் இதய நோய்க்குக் காரணம் என்று காட்டும் ஆராய்ச்சிக்கு அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள் பல வருடம் பணம் கொடுத்திருக்கின்றன. காரணம் குணம் என்றாகிவிட்டால் சிகரெட் தப்பித்துவிடும் அல்லவா? அதற்காக அந்த ஆராய்ச்சியாளர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை, ஃபிரீட்மன் மனப்பூர்வமாக நம்பித்தான் உழைத்தார். ஆனால் 'அவருக்குக் கோபத்தால வந்தது' என்று ஒரு வீட்டில் சொல்லும்போது, அந்த வீட்டு எரவாணத்தில் செருகியிருக்கிற பீடிக்கட்டு தப்பித்துவிடுகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஏ வகையில் மிஞ்சியது அவசரமோ சுறுசுறுப்போ அல்ல, பகை உணர்ச்சி. யாரையும் நம்பாமல் இருப்பது, எதிரில் இருப்பவன் தன்னை ஏமாற்றத்தான் வந்திருக்கிறான் என்று நினைப்பது, பல நாள் கறுவிக்கொண்டே இருப்பது. 2009-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கோபமும் பகை உணர்ச்சியும் கூடுதலாக உள்ளவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு 19 சதவீதம் அதிகம், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குக் கெட்ட விளைவுகள் 24 சதவீதம் அதிகம். பீடியின் 2.9 மடங்கு பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். உண்மையான பாதிப்புதான், ஆனால் சிறியது. அதிலும் ஒரு பகுதி சுற்றுவழியில் வருவது. கறுவிக்கொண்டிருக்கிறவர் அதிகம் புகைப்பார், குடிப்பார், சரியாகத் தூங்கமாட்டார், மாத்திரை எடுத்துக்கொடுத்தால் தட்டிவிடுவார். அந்தச் சுற்றுவழியைக் கழித்துவிட்டால் கோபத்தின் தனிப்பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

வாய் திறக்காதவர்களுக்கு ஒன்றும் வராது என்றும் இல்லை. எதையும் கெட்டதாகவே எதிர்பார்த்து, அதை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்பவர்களை 'டி வகை' என்று பெல்ஜியத்தில் ஒருவர் பெயரிட்டார். 1996-இல் வந்த அவருடைய ஆய்வில் 303 இதய நோயாளிகள். டி வகைக்காரர்களில் 27 சதவீதம் இறந்தார்கள், மற்றவர்களில் 7 சதவீதம். கேட்கவே அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் பலவற்றில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இதை நான் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருக்கிறேன்.

சந்தேகமே இல்லாத ஒன்று உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் நம் கடற்கரையில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவரை நெஞ்சுவலி என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகன் போன வள்ளம் வரவில்லை. ஈசிஜி பார்த்தால் அப்படியே அட்டாக். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆஞ்சியோவில் ஒரு குழாயிலும் அடைப்பு இல்லை. இதயத்தின் அடிப்பகுதி மட்டும் வேலை செய்யாமல் பலூன்போல் உப்பியிருந்தது. ஜப்பானில் பேய்க்கணவாய் பிடிக்கிற பானையின் வடிவம் என்பதால் 1990-இல் அங்கே இதற்கு 'டக்கோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்ற வயதினர். துக்கம், பயம், கோபம் எதுவும் இதைக் கொண்டுவரலாம். சில வாரங்களில் அந்த அம்மாவின் இதயம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அவர் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசாதவர் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். குணத்துக்கும் இதயத்துக்கும் நேர்கோடு போட வருகிறவர்களிடம் நான் இவரைப் பற்றித்தான் சொல்வது.

நம் ஊரில் கோபத்தால் இதயம் கெடுகிற இன்னொரு வழியையும் பார்க்கிறேன். அது ஒரு சொல்லில் இருக்கிறது. ரத்தக்கொதிப்பு என்கிறோம், பிரஷர் என்கிறோம். 'எனக்கு பிரஷரைக் கூட்டாதே' என்றால் கோபப்படுத்தாதே என்று அர்த்தம். திங்கள்நகர் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிற ஒருவர் வந்தார். அழுத்தம் 178-க்கு 104. போன மாதம் எழுதிக்கொடுத்த முப்பது மாத்திரையின் அட்டைகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எண்ணினேன், பத்தொன்பது மிச்சம். 'சண்டை வந்தா, கை நடுங்குனா ஒண்ணு போடுவேன் டாக்டரே. சும்மா இருக்கும்போ எதுக்கு மருந்து?' என்றார். ஏமாற்றவில்லை, மனதாரச் சொன்னார். பிரஷர் என்றால் கோபம் என்று புரிந்துகொண்டவர், கோபம் வராத நாளில் மாத்திரையை நிறுத்துவது அவர் கணக்குக்குச் சரிதானே. சாந்தமான மனிதருக்கும் அழுத்தம் 180 இருக்கும், எரிந்து விழுகிறவருக்கும் 120 இருக்கும். மெஷின் வைத்துப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் அப்பா பிரஷர் மாத்திரையை 'தேவைப்பட்டால்' போடுவார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் 'தேவை' எது என்று அவரிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி அவரிடம் எதுவும் பேசக்கூடாதா என்ற கேள்வி. இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். பிராக்டிஸ் தொடங்கிய முதல் வருடங்களில், அட்டாக் வந்து வீட்டுக்குப் போகிறவரின் மனைவியிடம் 'அவருக்குக் கோபம் வராமப் பார்த்துக்கோங்கம்மா' என்று சொல்லி அனுப்புவேன். எல்லா டாக்டரும் சொல்வதுதான் என்று நினைத்திருந்தேன். அப்படி அனுப்பிய ஒரு பெண் மூன்று மாதம் கழித்துத் தலைசுற்றல் என்று வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், அழுத்தம் எகிறியிருந்தது. 'அவியளுக்குக் கோவம் வந்துரப்பிடாதுன்னு பிள்ளைகளைக்கூட வாய் திறக்க விடல்ல டாக்டரே. ராத்திரி மூச்சு விடுதாவளான்னு பார்த்துட்டே கிடப்பேன்' என்றார். ஒரு மனிதரின் கோபத்துக்கு இன்னொரு மனிதரைப் பொறுப்பாக்கியவன் நான். கணவருடைய கோபமும் அதனால் குறையவில்லை. வீட்டில் எல்லோரும் தன்னை நோயாளி மாதிரிப் பார்க்கிறார்கள் என்று கூடியிருந்தது. அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்கள் அம்மாவிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் நல்லது என்று சொல்வார்கள், அதுவும் சரியில்லை. 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் பார்த்ததில், கத்துவது, எதையாவது அடிப்பது, ஓடுவது போல உடம்பைச் சூடேற்றுகிறவை மொத்தத்தில் கோபத்தைக் குறைக்கவில்லை. மூச்சை இழுத்து விடுவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம் போல உடம்பை அடக்குகிறவைதான் குறைத்தன. கோபம் வருகிறபோது அந்த இடத்தை விட்டுப் பைய எழுந்து போவது நம் கிழவிகள் சொன்ன யோசனை, அது சரிதான்.

குணத்தை மாற்ற முடியுமா என்றால், ஓரளவு முடியும். ஃபிரீட்மனே பிற்காலத்தில், அட்டாக் வந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்து அவசரத்தையும் எரிச்சலையும் குறைக்கப் பழக்கினார். 1986-இல் வந்த முடிவின்படி நாலரை வருடத்தில் பழகியவர்களில் 13 சதவீதத்தினருக்கும், வழக்கமான இதய ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதத்தினருக்கும் திரும்ப அட்டாக் வந்தது. 2011-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வில் 362 பேரில் ஒரு பகுதியினரிடம் இதேபோல் செய்ததிலும் நல்ல பலன். ஆனால் 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் கிட்டத்தட்ட 2,500 பேரில் பாதிப் பேருக்கு மனச்சோர்வுக்கும் ஆதரவின்மைக்கும் ஆலோசனைச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தபோது, மனம் தேறியதே தவிர அட்டாக்கோ மரணமோ குறையவில்லை. ஆகவே மனதைச் சரிசெய்தால் இதயம் காப்பாற்றப்படும் என்று உறுதி தர மாட்டேன். மனம் தேறுவதே பெரிய காரியம் என்பதால் செய்யச் சொல்கிறேன்.

இதைக் கவனித்துப் பாருங்கள்: அப்பா முன்பைவிட இப்போது அதிகம் எரிந்து விழுகிறாரா? சாப்பாடு, தூக்கம் குறைந்திருக்கிறதா? தோட்டத்தைப் பற்றியே பேச்சில்லாமல் இருக்கிறாரா? அட்டாக் வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. நம் ஆண்கள் அழமாட்டார்கள், அதனால் அது எரிச்சலாகத்தான் வெளியே வரும். வீட்டார் 'பழைய குணம்' என்று விட்டுவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் அவருடைய டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதயத்துக்குப் பாதகமில்லாத மருந்துகள் இருக்கின்றன. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்குப் போய்ப் பார்க்கலாம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற இரண்டு மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே அடைத்துவிடலாம். துடிப்பைக் குறைக்கிற மாத்திரையைத் திடீரென்று விட்டாலும் ஆபத்து. நான் மேலே சொன்ன 1995 ஆய்வில், ரத்தம் உறைவதைத் தடுக்கிற ஆஸ்பிரினை வழக்கமாகச் சாப்பிட்டவர்களுக்குக் கோபத்தால் ஏறிய வாய்ப்பு 1.4 மடங்கு, சாப்பிடாதவர்களுக்கு 2.9 மடங்கு. ஆக, தினமும் தவறாமல் மாத்திரை போடுகிற கோபக்காரருக்கு ஒரு காவல் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு இதய நோய் இல்லாதவர்கள் தாங்களாக ஆஸ்பிரின் தொடங்கிவிட வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம். மாத்திரை வாங்க அலைய வேண்டியிருந்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

திரும்ப நெஞ்சு அடைத்தாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலோ, 'கேஸ் கேறினதாக்கும்' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. இந்த வார்த்தையால் போன உயிர்களை நான் பார்த்திருக்கிறேன். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப 2023-இலிருந்து 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது.

மரம் முறிக்கிற பேச்சை நீங்கள் விட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றுங்கள். சாயங்காலக் களைப்பிலும் வெறும் வயிற்றிலும் வேண்டாம். முதல் ஒன்றிரண்டு மாதம் போகட்டும், டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு காலையில் பலகாரமும் சாயாவும் முடிந்ததும் அவரோடு தோட்டத்துக்குள் நடந்து போங்கள். எந்த மரத்தில் பால் எவ்வளவு வருகிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். முப்பது வருடமாக ஒவ்வொரு மரத்தையும் தொட்டு வெட்டியவர், அவருக்கே தெரியும் எது வற்றிவிட்டது என்று. சத்தம் போட்டால், 'சரிப்பா, நாளைக்குப் பேசலாம்' என்று விடுங்கள். மறுநாள் மறுபடியும் கேளுங்கள். பால் வெட்டும் வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறு ஆளை வைத்துச் செய்யுங்கள், அல்லது நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் காட்டுங்கள். பீடியைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தை மட்டும் அப்பா பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்.